லிப்ட் நட்ட வருடம்

இரத்தினபுரி
14.09.2025, ஞாயிறு

அன்புள்ள மருதாயிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ‘பகலெல்லாம் அந்தப் பெட்டி வீட்டுக்குள் என்னதான் செய்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தாய். கேலியாகக் கேட்டாயா, கோபமாகக் கேட்டாயா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டுக்கும் பொருந்தும்படி பதில் எழுதுகிறேன்.

கலைச்செல்வியும் மாப்பிள்ளையும் கட்டார் போய், அவர்கள் வீட்டுக்கு நான் காவல் வந்து ஆறு மாதம் ஆகிறது. இந்தக் கட்டடத்தில் ஆறு மாடி, மாடிக்கு நான்கு வீடு. லிப்ட், ஜெனரேட்டர், தண்ணீர்ப் பம்பு, மொட்டைமாடி, வெளிச்சுவர்ப் பூச்சு எல்லாம் இருபத்துநான்கு வீட்டாருக்கும் பொது. இவை என்றாவது ஒருநாள் தேய்ந்துபோகும். அந்த நாளுக்கென்று எல்லாரும் மாதாமாதம் ஒரு தொகை போட்டு வைக்கிறார்கள். அதை ஒதுக்கு நிதி என்கிறார்கள். நம் தோட்டத்தில் மறுநடுகைக்குப் பணம் ஒதுக்கி வைப்பதுபோலத்தான்.

ஜூன் மாதம் வீட்டாரின் சங்கச் செயலாளர் நஜீப் வந்து, “நீங்க தோட்டத்துல பெரிய கிளாக்கரா ஈந்த ஆள். பொருளாளர் வேலைய நீங்கதான் பாக்கோணும் ஐயா” என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘சரி’ என்று வந்துவிட்டது. என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

இந்த நிதியைத் திட்டமிடுவதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளையும், அதன் வருடத்தையும், புதிதாக வாங்க ஆகும் செலவையும் கணினியில் பதிய வேண்டும். எப்போது எது போகும், வீட்டுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று அது கணித்துச் சொல்லும். பத்தொன்பது நாள் வேலை செய்தேன். மொட்டைமாடிக்கு ஏறினேன். பம்பில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்து எண்ணை வாசித்தேன். பழைய பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுத்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன்.

மென்பொருள் எல்லாவற்றையும் சிவப்பில் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் நேராக ‘காலம் கடந்தது’. வீட்டுக்கு ஆறு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபா உடனே வேண்டுமாம். எனக்கே நம்ப முடியவில்லை. லிப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் கணினிக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது? ஒன்பதாம் திகதி எல்லா வீட்டுக்கும் அறிவித்தல் போனது. கீழே என் கையொப்பம்.

மூன்றாம் மாடியில் ஸுலைஹா டீச்சர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், கணவரும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு ஏதாவது சமைத்து அனுப்புவார். அவரிடம் அவ்வளவு பணம் கிடையாது. வீட்டை ஒரு மாணிக்கக் கல் வியாபாரிக்கு விற்றுவிட்டு மாவனெல்லையில் தங்கை மகள் றிப்தாவோடு போய் இருக்கப் போகிறாராம். இந்த வெள்ளிக்கிழமையும் வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். மூடியபடியே மேசையில் இருக்கிறது.

நீ கேட்டதற்காக, நான் பதிந்த பட்டியலின் பிரதி ஒன்றை இத்துடன் வைக்கிறேன். படிக்கச் சலிப்பாக இருந்தால் விட்டுவிடு. கூரை ஒழுகுகிறதா?

உன்,
நல்லையா


புளத்கொகுபிட்டிய
18.09.2025

கலைச்செல்வி அப்பாவுக்கு மருதாயி எழுதிக்கொள்வது.

கூரை ஒழுகுகிறது. இரண்டு இடத்தில். ஒன்றுக்குக் குடத்தையும் மற்றதற்கு உங்கள் பழைய தொப்பியையும் வைத்திருக்கிறேன். தொப்பி நன்றாகத் தண்ணீர் பிடிக்கிறது.

இதை டெலிபோனில் சொல்லியிருப்பேன். என் இடது காது சுத்தமாகப் போய்விட்டது, நீங்கள் பேசும் சத்தத்துக்கோ எறும்புகூடத் திரும்பிப் பார்க்காது. ஆகவே கடிதம்.

கேலியா கோபமா என்று கேட்டீர்கள். இரண்டும்தான். உங்கள் பட்டியலைப் படித்த பிறகு மூன்றாவதாகப் பயமும் வந்திருக்கிறது.

மாற்ற வேண்டிய ஓடுகளை எண்ண நேற்று மூக்கையா வந்தான். தேத்தண்ணி குடிக்கும்போது அவனுக்குப் பட்டியலை வாசித்துக் காட்டினேன். “லிப்ட், இரண்டாயிரத்துப் பதினாலு” என்றேன். அவன் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “பதினாலா? அது எந்த டிவிசன் மலைங்கம்மா? இந்நேரம் பால்வெட்டு தொறந்திருப்பாங்களே” என்றான்.

முப்பத்தைந்து வருடம் ரப்பர் மரம் வெட்டியவன், வேறு எதைக் கேட்பான்? இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நம் தோட்டத்தில் ரப்பர் நட்ட மலைக்கு வேறு பெயர் கிடையாது. நட்ட வருடம்தான் பெயர். பிள்ளைக்காம்பராவில் நான் பிள்ளை பார்த்த காலத்தில், காலையில் தாய்மார் பிள்ளையைத் தரும்போது, “இன்னைக்கு எந்த மலை?” என்று கேட்பேன். “எண்பத்தேழு” என்பாள் ஒருத்தி. “தொண்ணூத்தொண்ணு” என்பாள் இன்னொருத்தி. சிலேட்டில் எழுதி வைப்பேன், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆள் அனுப்ப வேண்டுமே. நீங்களும் ஆபீசில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதைத்தானே எழுதினீர்கள்?

இப்போது லிப்டையும் நட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜெனரேட்டர் பதினைந்து. பம்பு பத்தொன்பது. எல்லாம் பிறந்த வருடம். அந்த மென்பொருள் கேட்டது பிறந்த வருடத்தையா, செத்துப்போகும் வருடத்தையா? எப்போது மாற்ற வேண்டும் என்று அது கேட்டிருந்து, நீங்கள் பதினாலு என்று சொல்லியிருந்தால், மரம் பதினொரு வருடத்துக்கு முன்னமே விழுந்துவிட்டது என்றுதானே அது நினைக்கும்?

நான் எட்டாம் வகுப்பு. பிழையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த டீச்சர் வீட்டை விற்பதற்குள் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

மருதாயி


இரத்தினபுரி
22.09.2025, திங்கள்

அன்புள்ள மருதாயிக்கு,

நீ சொன்னதுதான்.

கடிதத்தைப் பிரித்த கையோடு கணினியைத் திறந்தேன். தலைப்பில் ‘வருடம்’ என்று மட்டும்தான் இருந்தது. அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தபோது சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு விரிந்தது: ‘அடுத்து மாற்ற வேண்டிய வருடம்’. நாற்காலியில் இருந்து எழுந்தேன். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

வருடம் என்ற கட்டத்தைக் கண்டால் என் கை வேறெதையும் எழுதாது. முப்பத்தெட்டு வருடம் எழுதிய கை. அதைக்கூட மன்னிக்கலாம். பிறகு நடந்ததை எப்படி மன்னிப்பது? நன்றாக ஓடுகிற லிப்டை அது செத்துவிட்டது என்று சொன்னபோது, நான் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். மென்பொருளைச் சந்தேகிக்கவில்லை. என்னைச் சந்தேகிப்பது எனக்குப் பழக்கம். சுலபமும்கூட.

எல்லாவற்றையும் திருத்திப் பதிந்தேன். லிப்டுக்கு 2039. ஜெனரேட்டருக்கு 2035. மற்றவற்றையும் நஜீபுக்குத் தெரிந்த பொறியியலாளர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன், காரணம் சொல்லாமல். சிவப்பு போய்விட்டது. இப்போது கொடுப்பதோடு வீட்டுக்கு மாதம் ஆயிரத்து இருநூறு ரூபா கூடுதலாகப் போட்டால் போதுமாம். லட்சம் எதுவும் தேவையில்லை.

அக்டோபர் ஐந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அதில் வாசிக்க நான்கு பக்க விளக்கம் ஒன்று எழுதியிருக்கிறேன். சிக்கல் என்னவென்றால் ஸுலைஹா டீச்சர் முதலாம் திகதியே விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறார். அதற்கு முன் சொல்ல வேண்டும். தெரியும். நேற்று மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போனேன். கதவுக்கு வெளியே ஒரு சோடிச் செருப்பு கிடந்தது. விருந்தாளி வந்திருக்கிறார், இப்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று திரும்பிவிட்டேன். என் வீட்டுக்கு வந்த பிறகுதான் அது டீச்சரின் சொந்தச் செருப்பு என்று நினைவு வந்தது.

அதனால் அந்த நான்கு பக்கத்தின் பிரதியை உறையிலிட்டு அவர் கதவுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று இருக்கிறேன். உனக்கு அனுப்புகிறேன். தொனி சரியா என்று பார். கடுமையாகவோ கெஞ்சலாகவோ இருக்கும் இடங்களில் கோடிட்டு, சீக்கிரம் திருப்பி அனுப்பு. என்னிடம் வேறு நல்ல பிரதி இல்லை.

இரண்டு நாளாக லிப்டில் ஏறவில்லை. அதன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது. சிரிக்காதே.

உன்,
நல்லையா


புளத்கொகுபிட்டிய
26.09.2025

கலைச்செல்வி அப்பாவுக்கு,

தபாலில் போட்டால் பிந்திவிடும். லொறிக்கார ஆஸிக் நாளைக்குப் பாக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு இரத்தினபுரி வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

நான்கு பக்கமும் படித்தேன். முதல் பக்கத்தில் கட்டடத்தின் வரலாறு. இரண்டாம் பக்கத்தில் மென்பொருளின் வரலாறு. ‘பிழை’ என்ற சொல் மூன்றாம் பக்கத்தின் அடியில் வருகிறது, அதுவும் ‘நேர்ந்திருக்கக் கூடிய’ என்ற துணையோடு. அழகான கையெழுத்து. தாளை நான் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதமாகச் சொல்லவில்லை.

கலைச்செல்வியிடம் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டு, என்னிடம் பதினைந்து நாள் வாய் திறக்காமல் இருந்து, ஒருநாள் சீனி டப்பாவுக்கு அடியில் கடிதம் வைத்துவிட்டு நீங்கள் பஸாருக்குப் போய் உட்கார்ந்திருந்தீர்கள். நான் படித்து முடிக்கும்வரை. இருட்டும்போது வந்து, “பாத்தியா?” என்று கேட்டீர்கள். “பாத்தேன். போங்க” என்றேன்.

நீங்கள் போனதில் எனக்குக் கோபம் இல்லை. மகள் வீடு, யாராவது போக வேண்டியதுதான். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். இரண்டு நாள் சமைத்திருக்க மாட்டேன். மூன்றாம் நாள் நானும் பெட்டி கட்டியிருப்பேனோ என்னவோ. தாளோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்த டீச்சருக்காவது சண்டை போட ஒரு ஆளைக் கொடுங்கள். படி ஏறியோ இறங்கியோ போய் நில்லுங்கள்.

ஒரு போத்தல் மிளகு அனுப்பியிருக்கிறேன், நம் கொடியில் காய்த்தது. அது டீச்சருக்கு. வெறுங்கையோடு போகாதீர்கள். உறையோடும் போகாதீர்கள்.

மருதாயி


இரத்தினபுரி
29.09.2025, திங்கள்

அன்புள்ள மருதாயிக்கு,

போனேன். நேற்றுப் பின்னேரம் நான்கு மணிக்கு.

சீனி டப்பாவைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. அதைப் படித்த பிறகு இங்கே சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே எல்லா இடத்திலும் அட்டைப்பெட்டிகள், கயிறு போட்டுக் கட்டியபடி. நான் மிளகுப் போத்தலை நீட்டினேன். “பொஞ்சாதி அனுப்பினாங்க” என்றேன்.

“அல்லாவே, நல்லையா ஐயாவா? உள்ளுக்கு வாங்க. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

“டீச்சர், அந்த அறிவித்தல் பிழைங்க. நான் செஞ்ச பிழை.”

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மலை, நட்ட வருடம், சிலேட்டு, மூக்கையா. உன் பெயரையும் சொன்னேன். ஒழுங்கில்லாமல், முன்னுக்குப் பின்னாக. ஆனால் பிழை என்ற சொல்லை முதலிலேயே சொல்லிவிட்டேன், அதை நீ கவனிக்க வேண்டும்.

“அப்ப ஆறு லட்சம் வேணாமா?”

“வேணாங்க. மாசம் ஆயிரத்து இருநூறு கூடும். அவ்வளவுதான்.”

அவர் சிரிப்பார் என்றோ அழுவார் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. கோபம் வந்தது.

“மூணு கிழமையா நான் ஒழுங்கா நித்திர கொள்ளல்ல, தெரியுமா உங்களுக்கு? இந்தக் காம்பராவுலதான் அவர் மவுத்தானார். ஜன்னல் ஜன்னலா நின்டு நின்டு சலாம் செல்லிட்டு ஈந்தேன். உங்களுக்கு எத்தின நாளாத் தெரியும்?”

“எட்டு நாளா.”

“எட்டு நாள்! மேல் மாடியிலதானே ஈக்கிறீங்க? எறங்கி வர எட்டு நாளா?”

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டுவதற்கு இன்னும் இருந்தது, திட்டினார். நீ சொன்னது சரி. அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

திட்டி முடித்த பிறகு மேசையில் இருந்து ஒரு கத்தியை எடுத்தார். ஒரு கணம் பயந்தேன். கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். “கட்ட வெச்சது நீங்க. அவிழுங்க.”

பதினான்கு பெட்டி. புத்தகங்களைப் பாட வாரியாக அடுக்கினேன். கோப்பைகளைத் துடைத்தேன். ஏழாவது பெட்டிக்கு வந்தபோது ப்ளேன்டீ தந்தார். பன்னிரண்டாவதில், “உங்கட பொஞ்சாதி பிள்ளைக்காம்பராவுலயா வேல செஞ்சாங்க? அவங்களப் பொருளாளரா போட்டீக்கோணும்” என்றார். வியாபாரிக்கு அவரே தொலைபேசியில் சொன்னார். முன்பணம் வாங்கவில்லையாம், அதனால் அந்த மனிதர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டார்.

முதுகு வலிக்கிறது. இனி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இருபத்துநான்கு வீட்டாரையும் நினைத்தால் மறுபடி வேர்க்கிறது.

உன்,
நல்லையா


புளத்கொகுபிட்டிய
02.10.2025

கலைச்செல்வி அப்பாவுக்கு,

இரண்டு தடவை படித்தேன். மூக்கையாவுக்கும் படித்துக் காட்டினேன். “ஐயாவ ஒரு பொம்பள கத்தியோட வெரட்டுச்சாமே” என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். நான் மறுக்கவில்லை.

கூட்டத்தில் எல்லாரையும் பார்க்காதீர்கள். டீச்சரை மட்டும் பார்த்துப் பேசுங்கள். ஏற்கெனவே திட்டி முடித்தவர், பயம் இருக்காது.

ஐயா எப்போது வருவார் என்று மூக்கையா கேட்கிறான். நான்தான் கேட்கச் சொன்னேன்.

மருதாயி


இரத்தினபுரி
06.10.2025, திங்கள்

அன்புள்ள மருதாயிக்கு,

கூட்டம் முடிந்தது.

எழுந்து பேசத் தொடங்கினேன். பின்வரிசையில் இருந்து யாரோ, “ஐயா, கொஞ்சம் சத்தமா!” என்றார். டீச்சரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவே இல்லை. ஆகவே உன் யோசனை பலிக்கவில்லை. எப்படியோ சொன்னேன், மலையையும் நட்ட வருடத்தையும் சேர்த்து. தாள் எதுவும் கையில் இல்லை.

நஜீப் முதலில் திகைத்துவிட்டு, “அப்ப லிப்ட் மரத்துல இன்னும் பால் ஈக்கி, அப்படித்தானே ஐயா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்லால் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்தாம் மாடிக்காரர். பணம் கட்டுவதற்காக மனைவியின் வளையல்களை அடகு வைத்திருந்தாராம். “சிரிக்கிறதுக்கு என்ன ஈக்கி? வட்டிய யார் கட்டுற?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் கட்டுகிறேன் என்றேன். என் ஓய்வூதியத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் போகும். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், அதற்கு மட்டும் இங்கேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

விலகல் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். நஜீப் அதை வாங்கவில்லை. ஸுலைஹா டீச்சர் எழுந்து, “இவர் போனா வார ஆள் பிழைய ஒத்துக்கொள்ளுவாரா? இவரே ஈக்கட்டும்” என்றார். அப்லால்கூட, “வட்டியக் கட்டினா ஈக்கட்டும்” என்றார். இன்னும் ஒரு வருடம் நானே பொருளாளராக இருக்க வேண்டுமாம். இருபத்துநான்கு வீட்டாரும் என் வாயைப் பார்த்தார்கள். ‘சரி’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“வீட்டுல கேட்டுத்தான் சொல்லணுங்க” என்றேன்.

மறுபடி ஒரு பெரிய சிரிப்பு. எனக்கு அது வலிக்கவில்லை.

உன்னிடம் கேட்க வேண்டியதை இங்கே மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் அடித்துவிட்டேன். அடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன். அவிசாவளையிலும் கரவனெல்லையிலும் மாறி ஏறினால் பதினொரு மணிக்குள் வந்துவிடுவேன். உன் வலது காதுப் பக்கமாக உட்கார்ந்து, சத்தமாகக் கேட்கிறேன்.

நீ இரண்டு நாள் சமைக்காமல் இருக்கலாம் என்று பேக்கரியில் இரண்டு இறாத்தல் பாண் வாங்கி வருகிறேன். மூன்றாம் நாள் உன் பெட்டியைக் கட்டக் கயிறும்.

நல்லையா